1024-ஐ தாண்டுற சர்வருக்கு லிப்ஈவென்ட் சரிப்பட்டு வருமா? யூஸ் பண்ணிட்டு எழுதற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், ஒரே ப்ராசஸ்ல ஆயிரக்கணக்கான சாக்கெட்டை (நெட்வொர்க் கனெக்ஷனோட நம்ம பக்க முனை) திறந்து வச்சுக்கிட்டு எதுல டேட்டா வருதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும், லினக்ஸ்ல ஓடணும், சி இல்ல சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதறீங்க, அப்படின்னா லிப்ஈவென்ட்ங்கற லைப்ரரியை தாராளமா எடுக்கலாம் (தலைப்புல இருக்கற 1024 பழைய முறையில வர்ற லிமிட், கீழ சொல்றேன்). அஞ்சுக்கு நாலு ஸ்டார். மீதி ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு கீழ விவரமா எழுதியிருக்கேன், அதை படிக்காம ப்ரொடக்ஷன்ல போட்டுடாதீங்க. விண்டோஸ்தான் உங்களுக்கு மெயின்னா இது வேண்டாம், லிப்யூவின்னு இதே மாதிரி இன்னொரு லைப்ரரி இருக்கு, அதை பாருங்க, அதையும் கடைசி பக்கம் சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு: இது இலவச லைப்ரரி, பிஎஸ்டி லைசென்ஸ், அதனால கம்பெனி ப்ராடக்ட்ல போடறதுக்கு வக்கீல் கிட்ட போய் நிக்க வேண்டாம். நீல்ஸ் ப்ரோவோஸ் ஆரம்பிச்சது, அப்புறம் நிக் மேத்யூசன் கையில வளர்ந்தது. மெம்கேஷ்டு, டிமக்ஸ், டோர் மாதிரி பிரபல புரோக்ராம் எல்லாம் இதை வச்சுதான் ஓடுது, அதாவது நீங்க பேரே கேள்விப்படலன்னாலும் தினமும் ஏதோ ஒரு இடத்துல இதை யூஸ் பண்ணிட்டுதான் இருக்கீங்க. உபுண்டு, டெபியன்ல எல்லாம் ரெடியா பேக்கேஜ் இருக்கு, டெவ் பேக்கேஜை போட்டா போதும், தனியா கம்பைல் பண்ற வேலை இல்ல.

நான் யூஸ் பண்றது லாரி, பஸ்ல மாட்டற ஜிபிஎஸ் டிராக்கருக்கான கேட்வேல, அதாவது டிராக்கர் அனுப்பறதை எல்லாம் வாங்கற சர்வர்ல. ஒவ்வொரு டிராக்கரும் சிம் வழியா ஒரு டிசிபி கனெக்ஷனை திறந்து வச்சுக்கிட்டு அப்பப்போ லொகேஷன் அனுப்பும், வண்டி நின்னா பேசாம இருக்கும், டவர் போச்சுன்னா சொல்லாம கொள்ளாம காணாம போயிட்டு புது கனெக்ஷன்ல திரும்ப வரும். அதனால எந்த நேரத்துலயும் ஆயிரக்கணக்குல கனெக்ஷன் திறந்திருக்கும், அதுல டேட்டா வர்றது கையளவுதான். லிப்ஈவென்ட் மாதிரி லைப்ரரி எல்லாம் கரெக்டா இந்த மாதிரி லோடுக்காகத்தான் இருக்கு.

இதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஒரு வெண்டர் எழுதிக் கொடுத்த கேட்வே ஓடிட்டு இருந்தது, பேர் வேண்டாம். அது செலக்ட் கால் வச்சு எழுதினது, அதாவது எந்த சாக்கெட்ல டேட்டா வந்திருக்குன்னு கெர்னல் கிட்ட கேக்கற பழைய ஃபங்ஷன். வண்டி எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கினதும் புது வண்டி கனெக்ட் ஆகல, லாக்ல "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்"னு எர்ரர். சப்போர்ட்ல கேட்டா யூலிமிட்டை (ஒரு ப்ராசஸ் எத்தனை ஃபைல், சாக்கெட் திறக்கலாம்ங்கற லிமிட்) 65535-க்கு ஏத்துங்கன்னு ஒரே வரியில பதில். ஏத்தினாங்க. அதுக்கப்புறம்தான் உண்மையான கஷ்டமே ஆரம்பிச்சது, அது வரைக்கும் ஒழுங்கா எர்ரர் சொல்லிட்டு இருந்த புரோக்ராம் இப்ப திடீர் திடீர்னு செத்துப் போகுது, ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல.

ஏன்னு கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா இந்த லைப்ரரி எதுக்கு வேணும்ங்கறதே இதுலதான் இருக்கு. செலக்ட் 1983-ல 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ்ல வந்தது. எந்தெந்த சாக்கெட்டை பார்க்கணும்னு அதுக்கு ஒரு பிட் வரிசையா கொடுக்கணும், லினக்ஸ்ல ஜிலிப்சி (அதோட அடிப்படை சி லைப்ரரி) அந்த வரிசையோட அளவை 1024 பிட், அதாவது 128 பைட்னு ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்கு. இங்க நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கற விஷயம் ஒண்ணு இருக்கு: 1024ங்கறது எத்தனை சாக்கெட்டை பார்க்கறீங்கங்கற கணக்கு இல்ல, டிஸ்க்ரிப்டரோட நம்பர், அதாவது திறக்கற ஒவ்வொரு ஃபைலுக்கும் சாக்கெட்டுக்கும் சிஸ்டம் கொடுக்கற நம்பர். நீங்க செலக்ட்டுக்கு ஒரே ஒரு சாக்கெட்டை கொடுத்தாலும் அதோட நம்பர் 1024 இல்ல அதுக்கு மேலன்னா கதை முடிஞ்சது. லாக் ஃபைல், டேட்டாபேஸ் கனெக்ஷன், பைப் எல்லாமே அதே நம்பர் வரிசையில இருந்துதான் எடுத்துக்கும், அதனால 1024 வண்டி வர்றதுக்கு முன்னாடியே லிமிட் வந்துடும்.

அந்த நம்பரை தாண்டின டிஸ்க்ரிப்டரை வரிசையில சேர்க்கும்போது எர்ரர் வராது. 128 பைட்டுக்கு அடுத்தாப்ல மெமரில என்ன இருக்கோ அதுல போய் ஒரு பிட்டை ஆன் பண்ணிடும். அப்புறம் செலக்ட்டை கூப்பிட்டா கெர்னல் பதிலை திருப்பி எழுதும்போதும் அந்த அடுத்த இடத்தையும் சேர்த்து மேல எழுதிடும், ஏன்னா கெர்னலுக்கு 1024ங்கற லிமிட்டே கிடையாது, நீங்க சொன்ன நம்பர் வரைக்கும் இடம் இருக்குன்னு நம்பி எழுதுது. அந்த கேட்வேயோட கோர் டம்ப் (புரோக்ராம் சாகும்போது எடுத்த மெமரி காப்பி) ஒண்ணுல இதை கண்ணால பார்த்தேன். டிவைஸ் டேபிளோட பாயிண்டர் இருக்க வேண்டிய இடத்துல 32னு ஒரு நம்பர் உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் டேட்டா வந்த சாக்கெட் 1029, அதுல 1024 போனா 5, பூஜ்யத்துல இருந்து எண்ணி அஞ்சாவது பிட்டை ஆன் பண்ணா 32. இன்னொரு டம்ப்ல அதே இடத்துல பூஜ்யம், அதாவது அப்ப அந்த சாக்கெட்ல டேட்டா எதுவும் வரல. சாகறது எங்கயோ, காரணம் வேற எங்கயோ, டிபக் பண்றவனுக்கு எவ்வளவு நேரம் போகும்னு யோசிச்சு பாருங்க.

ஃபோர்ட்டிஃபை ஆப்ஷன் போட்டு கம்பைல் பண்ணியிருந்தா ஜிலிப்சியே "பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட்"னு சொல்லி அங்கயே நிறுத்தியிருக்கும், அது எவ்வளவோ மேல். ஆனா அந்த பைனரில அது இல்ல.

யூலிமிட்டை ஏத்தினதுதான் அதை கொன்னது. இது ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச ஆபத்துதான், லினக்ஸ்ல சர்வீஸை எல்லாம் ஓட்டற சிஸ்டம்டியோட 2018 கடைசில வந்த 240-ல ஹார்ட் லிமிட்டை (ஒரு புரோக்ராம் ஏத்திக்கக் கூடிய உச்சம்) 524288-க்கு ஏத்தினாங்க, ஆனா சாஃப்ட் லிமிட்டை (இப்ப அமல்ல இருக்கறது) 1024லயே வேணும்னே விட்டாங்க, செலக்ட் யூஸ் பண்ற பழைய புரோக்ராம் எல்லாம் உடையக் கூடாதுன்னு. அதிக டிஸ்க்ரிப்டர் தேவைப்படற புரோக்ராம் தானே தன் சாஃப்ட் லிமிட்டை ஏத்திக்கட்டும்ங்கறதுதான் அவங்க முடிவு, எனக்கு அது ரொம்ப சரியான முடிவா படுது.

சரி, செலக்ட்டுக்கு பதிலா போல்ங்கற இன்னொரு காலை யூஸ் பண்ணா? அதுல 1024 லிமிட் இல்ல, அர்ரே எவ்வளவு பெருசு வேணாலும் கொடுக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் மொத்த லிஸ்ட்டையும் கெர்னலுக்கு கொடுக்கணும், ஒரு என்ட்ரிக்கு 8 பைட், 20,000 கனெக்ஷன்னா ஒரு காலுக்கு 1,60,000 பைட் காப்பி, கெர்னல் ஒவ்வொண்ணா போய் பார்க்கும், திரும்ப வந்ததும் நீங்களும் ஒவ்வொண்ணா பார்க்கணும், இவ்வளவும் ரெண்டு வண்டி லொகேஷன் அனுப்பினதை கண்டுபிடிக்க. கிளாஸ்ல யாரோ ரெண்டு பேருக்கு டவுட் இருக்கான்னு தெரிஞ்சுக்க நிமிஷத்துக்கு நிமிஷம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை முழுசா படிக்கற மாதிரி. லிமிட் நம்பரா இல்லாம சிபியுவா வந்து நிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டான் கேகல் 1999-ல சி10கேனு பேர் வச்சு எழுதினது இதைத்தான், ஒரு சர்வர் பத்தாயிரம் க்ளையன்ட்டை ஒரே நேரத்துல எப்படி சமாளிக்கறதுன்னு. 2000-ல ஃப்ரீபிஎஸ்டில ஜோனதன் லெமனோட கேக்யூ வந்தது, 2002-ல லினக்ஸ் 2.5.44-ல டேவிடே லிபென்ஸியோட ஈபோல் வந்தது. ரெண்டுலயும் ஐடியா ஒண்ணுதான், பார்க்க வேண்டிய லிஸ்ட்டை ஒரு தடவை கெர்னல் கிட்ட கொடுத்துட்டா அது ஞாபகம் வச்சுக்கும், அதுக்கப்புறம் டேட்டா வந்த சாக்கெட்டை மட்டும் திருப்பிக் கொடுக்கும். சும்மா இருக்கற கனெக்ஷனுக்கு சிபியு செலவு ஏறக்குறைய இல்லவே இல்ல.

லிப்ஈவென்ட் இதுக்கு எல்லாத்துக்கும் மேல உட்கார்ந்துக்கிட்டு ஒரே ஏபிஐ கொடுக்குது. நீங்க ஒரு பேஸ் (எல்லா ஈவென்ட்டையும் பார்த்துக்கற லூப்) உருவாக்கினா அது ஓடற சிஸ்டத்துல எது பெஸ்ட்டோ அதை எடுத்துக்கும், லினக்ஸ்னா ஈபோல், மேக், ஃப்ரீபிஎஸ்டின்னா கேக்யூ. எதை எடுத்துச்சுன்னு சந்தேகமா இருந்தா ஈவென்ட் ஷோ மெதட்ங்கற என்விரான்மென்ட் வேரியபிளை செட் பண்ணிட்டு ஓட்டுங்க, ஸ்டார்ட் ஆகும்போதே சொல்லும். அதே மாதிரி ஈபோலை தடுக்கறதுக்கும் வேரியபிள் இருக்கு, நான் டெஸ்ட்டுக்காக ஈபோலை நிறுத்திட்டு போல்ல ஓட்டி பார்த்தேன், கோடுல ஒரு வரி மாத்தாம ஓடுச்சு, கனெக்ஷன் ஏற ஏற சிபியு ஏறறதை டாப் கமாண்டுல பார்க்க முடிஞ்சது. ஈபோலுக்கு திருப்பினதும் சிபியு அடங்கிடுச்சு. இந்த மாதிரி ஒப்பிட்டு பார்க்கற வசதியே எனக்கு ரொம்ப பிடிச்சது.

உள்ள எழுதியிருக்கற விதமும் கவனமா இருக்கு. செலக்ட்டையே யூஸ் பண்ற நிலைமை வந்தா கூட, லினக்ஸ் மாதிரி சிஸ்டத்துல அந்த 128 பைட் வரிசையை அப்படியே நம்பாம தேவைக்கு ஏத்த மாதிரி பெருசா மெமரி எடுத்துக்குது, அதனால மேல சொன்ன மாதிரி பக்கத்து மெமரியை கெடுக்கற வேலை நடக்காது. ஈபோல்ல ஒரு தடவைக்கு எத்தனை ஈவென்ட் வாங்கறதுன்னு 32-ல ஆரம்பிச்சு, அது ரொம்பினா ரெண்டு மடங்கா ஏத்திட்டே 4096 வரைக்கும் போகும். திடீர்னு டவர் திரும்ப வந்து எல்லா வண்டியும் ஒண்ணா பேச ஆரம்பிக்கும்போது இது உதவுது. பஃபர்ஈவென்ட்னு ஒரு லேயர் இருக்கு, அது ஒரு சாக்கெட்ல இருந்து ஒரே நேரத்துல டீஃபால்ட்டா 16384 பைட்டுக்கு மேல படிக்காது, ஒரு டிவைஸ் ராத்திரி சேர்த்து வச்ச டேட்டாவை மொத்தமா கொட்டினாலும் மத்த வண்டிங்க பட்டினி கிடக்காது.

டைமர் பத்தி தனியா சொல்லணும். ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் இவ்வளவு நேரம் பேசலன்னா மூடிடுன்னு டைம்அவுட் வைக்கறோம்ல, சாக்கெட் எத்தனையோ டைமரும் அத்தனை. லிப்ஈவென்ட் இதை மின் ஹீப்ல (முதல்ல முடியற டைமர் எப்பவும் மேல நிக்கற அமைப்பு) வச்சிருக்கும், அது போதும்தான், ஆனா எங்களை மாதிரி எல்லா கனெக்ஷனுக்கும் ஒரே டைம்அவுட்னா காமன் டைம்அவுட்னு ஒரு வசதி இருக்கு, அதை ஆன் பண்ணா வரிசையா ஒரு க்யூல போயிடும், சேர்க்கறது எடுக்கறது ரெண்டும் ரொம்ப மலிவு. டாக்குமென்டேஷன்ல ஒரு மூலையில இருக்கு இது, நிறைய பேர் பார்க்காமலே போயிடறாங்க. நிறைய கனெக்ஷன் வச்சிருக்கறவங்க முதல்ல இதை போடுங்க.

இனிமே குறைங்க.

பெரிய குறை, ஸ்டார் குறைஞ்சதுக்கு காரணம்: டிஸ்க்ரிப்டர் தீர்ந்து போகும்போது லிஸனர் (புது கனெக்ஷனுக்காக காத்துக்கிட்டு இருக்கற பகுதி) நடந்துக்கற விதம். லிமிட்டை எவ்வளவு ஏத்தினாலும் ஒரு நாள் முட்டும். முட்டினா புது கனெக்ஷனை வாங்கற அக்செப்ட் கால் ஃபெயில் ஆகும், ஆனா வந்து காத்துக்கிட்டு இருக்கற அந்த கனெக்ஷன் க்யூலயே இருக்கும், அதனால ஈபோல் உடனே திரும்ப "லிஸனர் ரெடி"ன்னு எழுப்பும், திரும்ப அக்செப்ட், திரும்ப ஃபெயில். ஒரு கோர் 100 சதவீதத்துல சுத்தும். லிப்ஈவென்ட்ல நீங்க எர்ரர் கால்பேக் (எர்ரர் வந்தா லைப்ரரி கூப்பிடற உங்க ஃபங்ஷன்) கொடுக்கலன்னா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வார்னிங்கை மட்டும் எழுதிட்டு சுத்திக்கிட்டே இருக்கும், லாக் ஃபைல் வீங்கிட்டே போகும். லிப்யூவில இதுக்கு ஒரு நல்ல வழி பண்ணியிருக்காங்க: ஒரு டிஸ்க்ரிப்டரை சும்மா திறந்து ரிசர்வ்ல வச்சிருப்பாங்க, தீர்ந்து போச்சுன்னா அதை மூடி, அந்த இடத்துல வந்த கனெக்ஷனை வாங்கி உடனே மூடிட்டு, ரிசர்வை திரும்ப திறந்துக்குவாங்க. க்ளையன்ட்டுக்கும் கனெக்ஷன் போச்சுன்னு உடனே தெரியும், சிபியுவும் சுத்தாது. லிப்ஈவென்ட்ல இதை நாமளேதான் எர்ரர் கால்பேக்ல எழுதணும், இல்லன்னா குறைஞ்சபட்சம் லிஸனரை டிசேபிள் பண்ணிட்டு ஒரு செகண்ட் டைமர் வச்சு திரும்ப எனேபிள் பண்ணணும். இத்தனை வருஷமா இருக்கற லைப்ரரில இது டீஃபால்ட்டா வந்திருக்கணும், இந்த ஒரு விஷயத்துல எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்தது, எழுதற பக்கம் பஃபருக்கு லிமிட் கிடையாது. பஃபர்ஈவென்ட்ல ரைட் பண்ணா அது வாங்கி வச்சுக்கும், எதிர் பக்கம் மெதுவா படிச்சாலோ டவர் இல்லாம படிக்கவே இல்லனாலோ உங்க மெமரில குவிஞ்சுட்டே போகும். படிக்கற பக்கமும் அப்படித்தான், ஹை வாட்டர்மார்க்ங்கற உச்ச அளவு டீஃபால்ட்டா பூஜ்யம், அதுக்கு அர்த்தம் லிமிட் இல்ல. ஒரு கனெக்ஷனுக்கு ஒரு எம்பி குவிஞ்சா 20,000 கனெக்ஷனுக்கு கணக்கு போட்டுக்கோங்க. அவுட்புட் பஃபரோட நீளத்தை நீங்களே பார்த்து, ஒரு அளவுக்கு மேல போனா கனெக்ஷனை மூடற லாஜிக்கை முதல் நாளே எழுதிடுங்க.

த்ரெட் விஷயத்துலயும் கவனம் வேணும். பேஸை உருவாக்கறதுக்கு முன்னாடியே த்ரெட் சப்போர்ட்டை ஆன் பண்ற ஃபங்ஷனை கூப்பிடணும், கூப்பிடலன்னா வேற த்ரெட்ல இருந்து நீங்க சேர்க்கற ஈவென்ட்டுக்கு லாக்கும் இருக்காது, தூங்கிட்டு இருக்கற லூப்பை எழுப்பவும் செய்யாது. ஃபோர்க் பண்ணி ப்ராசஸை ரெண்டாக்கினா, புதுசா வந்த சைல்டுல ரீஇனிட் கால் கட்டாயம். என் சிபாரிசு, ஒரு த்ரெட்டுக்கு ஒரு பேஸ், கனெக்ஷன் பிறந்த த்ரெட்லயே சாகணும், இப்படி வச்சுக்கிட்டா பாதி தலைவலி இல்ல.

ஈபோலோட சொந்த குணம் ஒண்ணு லைப்ரரி வழியாவும் வெளிய தெரியும். ஈபோல் ஞாபகம் வச்சுக்கறது டிஸ்க்ரிப்டர் நம்பரை மட்டும் இல்ல, அதுக்கு பின்னாடி இருக்கற திறந்த ஃபைலையும் சேர்த்து. நீங்க டூப் பண்ணி அதே சாக்கெட்டுக்கு இன்னொரு நம்பர் வாங்கியிருந்தாலோ ஃபோர்க்ல சைல்டு கிட்ட ஒரு காப்பி இருந்தாலோ, இங்க க்ளோஸ் பண்ணாலும் அங்க உயிரோட இருக்கும், செத்த சாக்கெட்டுக்கு ஈவென்ட் வந்துட்டே இருக்கும். க்ளோஸ் பண்றதுக்கு முன்னாடி ஈவென்ட்டை எடுத்துடுங்க, அந்த வரிசை மாறக் கூடாது. ஈபோலுக்கு சேஞ்ச்லிஸ்ட்னு வேகத்துக்காக ஒரு ஆப்ஷன் இருக்கு, டூப் பண்ண டிஸ்க்ரிப்டர் இருக்கற இடத்துல அதை தொடாதீங்க, டாக்குமென்டேஷன்லயே எச்சரிக்கை இருக்கு. அப்புறம், டிஸ்க்ல இருக்கற சாதா ஃபைலை ஈபோல்ல சேர்க்க முடியாது, பர்மிஷன் எர்ரர் வரும், அதை பார்த்துட்டு ஃபைல் பர்மிஷனை மாத்திட்டு உட்காராதீங்க.

இன்னொரு பக்கம், லைப்ரரி மேல குறை சொல்ல முடியாத லிமிட் எல்லாம் இருக்கு, லிப்ஈவென்ட் போட்டுட்டோம் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்கறவங்க இங்கதான் மாட்டிக்குவாங்க. சர்வீஸா ஓட்டறீங்கன்னா லிமிட்ஸ் டாட் கான்ஃப் ஃபைல்ல மாத்தி பிரயோஜனம் இல்ல, அது லாகின் பண்றவங்களுக்குதான், சிஸ்டம்டி யூனிட் ஃபைல்ல லிமிட் நோஃபைல் வரியைத்தான் மாத்தணும். மாத்தினது நிஜமாவே வந்துச்சான்னு ப்ராக் டைரக்டரில அந்த ப்ராசஸோட லிமிட்ஸ் ஃபைலை திறந்து பாருங்க, ஷெல்ல யூலிமிட் அடிச்சு பார்க்கறது உங்க ஷெல்லோட கணக்கு. பத்து லட்சத்துக்கு மேல ஒரே ப்ராசஸ்ல வேணும்னா கெர்னலோட என்ஆர் ஓப்பன்ங்கற செட்டிங்கையும் ஏத்தணும், அதோட டீஃபால்ட் 1048576.

ஈபோலுக்கே தனியா ஒரு லிமிட் இருக்கு, மேக்ஸ் யூசர் வாட்சஸ்னு, லினக்ஸ் 2.6.28-ல இருந்து. ஒரு யூசர் மொத்தமா எத்தனை டிஸ்க்ரிப்டரை ஈபோல்ல பதிவு பண்ணலாம்ங்கற கணக்கு அது, 64 பிட் கெர்னல்ல ஒரு பதிவுக்கு சுமார் 160 பைட் கெர்னல் மெமரி போகும், டீஃபால்ட்டா மெமரியோட 4 சதவீதம் வரைக்கும் விடுவாங்க. 8 ஜிபி மெஷின்ல கணக்கு போட்டா சுமார் 21 லட்சம் வருது, நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு இது தேவைக்கு மேலயே போதும். ஆனா சின்ன மெமரி இருக்கற மெஷின்லயோ, ஒரே யூசர்ல நிறைய சர்வீஸ் ஓடற இடத்துலயோ முட்டலாம். முட்டினா வர்ற எர்ரர் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". டிஸ்க்ல பாதி இடம் காலியா இருக்கும்போது இந்த மெசேஜ் வந்தா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அதை விட மோசமானது, அதே ப்ராசஸ்ல இருக்கற வேற லைப்ரரி ஒளிச்சு வச்சிருக்கற செலக்ட். உங்க கோடு முழுக்க ஈபோல்ல ஓடுது, ஆனா நீங்க லிங்க் பண்ணியிருக்கற எஸ்எம்எஸ் எஸ்டிகேவோ பழைய டேட்டாபேஸ் டிரைவரோ உள்ள ஒரு சாக்கெட்டை திறந்து டைம்அவுட்டுக்காக செலக்ட் கூப்பிடுது. மேல சொன்னேன்ல, எண்ணிக்கை இல்ல நம்பர்தான் முக்கியம்னு. உங்க 5,000 கனெக்ஷனுக்கு அப்புறம் அது திறக்கற சாக்கெட்டோட நம்பர் 5,000-க்கு மேல, அதே மெமரி கெடுதல் திரும்ப வந்துடும். வெப்ல இருந்து டேட்டா எடுக்கற லிப்கர்ல் லைப்ரரியே இதுக்கு நல்ல உதாரணம், அதோட மல்டி இன்டர்ஃபேஸ்ல செலக்ட்டுக்குன்னு எஃப்டி செட் (அதே பிட் வரிசை) கொடுக்கற பழைய ஃபங்ஷன் இருக்கு, 1024-க்கு மேல அது உதவாது, அதுக்கு பதிலா சாக்கெட் ஆக்ஷன் ஃபங்ஷனை யூஸ் பண்ணணும், அது லிப்ஈவென்ட்டோட அழகா சேரும், கர்ல் சோர்ஸ்லயே அதுக்கு மாதிரி புரோக்ராம் கொடுத்திருக்காங்க. நீங்க சேர்க்கற ஒவ்வொரு ஷேர்டு லைப்ரரியையும் என்எம் கமாண்டுல (லைப்ரரி யூஸ் பண்ற ஃபங்ஷன் பேரை காட்டும்) போட்டு செலக்ட்ங்கற சிம்பல் இருக்கான்னு தேடுங்க. இருந்தா எஸ்ட்ரேஸ்ல (புரோக்ராம் கெர்னலை கூப்பிடறதை எல்லாம் காட்டற கமாண்டு) ஓட்டி எப்ப கூப்பிடுதுன்னு பாருங்க. பைத்தான்ல எழுதறவங்களுக்கு இந்த அளவு ஆபத்து இல்ல, அங்க செலக்ட்டுக்கு பெரிய நம்பர் கொடுத்தா "ஃபைல்டிஸ்க்ரிப்டர் அவுட் ஆஃப் ரேஞ்ச்"னு ஒழுங்கா எக்ஸெப்ஷன் வரும்.

விண்டோஸ் கதை வேற. அங்க செலக்ட்டோட வரிசை பிட் கணக்கு இல்ல, சாக்கெட் ஹேண்டில் லிஸ்ட், டீஃபால்ட்டா 64 பேர்தான் உட்கார முடியும், ஹெட்டரை சேர்க்கறதுக்கு முன்னாடி டிஃபைன் பண்ணி ஏத்திக்கலாம், பைத்தான் அதை 512-ன்னு ஏத்தி வச்சிருக்கு. வெயிட் ஃபார் மல்டிப்பிள் ஆப்ஜெக்ட்ஸ்லயும் அதே 64. லிப்ஈவென்ட் 2.1-ல விண்டோஸ்ல டீஃபால்ட் செலக்ட்தான், லிஸ்ட்டை பெருசாக்கி லிமிட்டை தாண்டிடும், ஆனா கனெக்ஷன் ஏற ஏற மெதுவாகும். ஐஓசிபி (நிறைய கனெக்ஷனுக்கு விண்டோஸோட சொந்த முறை) சப்போர்ட் இருக்குன்னு போட்டிருந்தாலும் அது பஃபர்ஈவென்ட்டுக்கு மட்டும்தான். லிப்யூவி முதல்ல இருந்தே விண்டோஸ்ல ஐஓசிபியை மனசுல வச்சு நோட் ஜேஎஸ்ஸுக்காக எழுதினது, அங்க அதுதான் சரி.

லினக்ஸ்ல மட்டும்னா நேரடியா ஈபோல்லயே எழுதிடலாமேன்னு கேப்பீங்க. எழுதலாம், மூணே ஃபங்ஷன்தான். ஆனா டைமர், பஃபர், சிக்னல், டிஎன்எஸ் எல்லாம் ஒவ்வொண்ணா நீங்களே எழுத ஆரம்பிச்சு கடைசில ஒரு குட்டி லிப்ஈவென்ட்டை, ஏகப்பட்ட பிழையோட, எழுதி முடிப்பீங்க. டிஎன்எஸ் ஒண்ணுக்காகவே இது வேணும்னு சொல்வேன், சர்வர் பேரை ஐபியா மாத்தற சாதா கெட்அட்ரஸ்இன்ஃபோ கால் பதில் வர்ற வரைக்கும் மொத்த லூப்பையும் நிறுத்தி வச்சிடும், ஆயிரக்கணக்கான சாக்கெட்டும் அந்த ஒரு டிஎன்எஸ் சர்வருக்காக காத்துக்கிட்டு இருக்கும். லூப்பை நிறுத்தாம இதை பண்ற ஈவ்டிஎன்எஸ் லிப்ஈவென்ட் உள்ளயே இருக்கு.

ரிலீஸ் வேகம் மெதுவா இருக்கு, 2.1.12 ஸ்டேபிள் 2020 ஜூலைல வந்தது, டிஸ்ட்ரோக்கள்ல இருக்கறது பெரும்பாலும் அதுதான். 2019-ல லினக்ஸ் 5.1-ல வந்த ஐஓ யூரிங்ங்கற புது முறையை அது யூஸ் பண்ணாது, அது வேணும்னா வேற இடம் பாருங்க. எங்க மாதிரி பெரும்பாலும் சும்மா இருக்கற கனெக்ஷனுக்கு ஈபோலே நிறைய, அதனால நான் இதை குறையா எடுக்கல.

எடுத்து டெஸ்ட் பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒரே மெஷின்ல இருந்து லோடு கொடுத்தா சுமார் 28,000 கனெக்ஷன்ல நின்னுடும், அது உங்க சர்வரோட லிமிட் இல்ல, க்ளையன்ட் பக்கம் டீஃபால்ட் போர்ட் ரேஞ்ச் 32768-ல இருந்து 60999 வரைக்கும்தான், அதுல 28,232 போர்ட். லோக்கல்ல டெஸ்ட்னா 127.0.0.2, 127.0.0.3ன்னு சோர்ஸ் ஐபியை மாத்தி மாத்தி பைண்ட் பண்ணுங்க, ஒவ்வொண்ணுக்கும் புதுசா 28,232 கிடைக்கும். ரெண்டாவது, மேல நோக்கி டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி கீழ டெஸ்ட் பண்ணுங்க: யூலிமிட்டை 50-ன்னு வச்சு சர்வரை ஸ்டார்ட் பண்ணி 60 கனெக்ஷன் போடுங்க, டாப் கமாண்டை பக்கத்துல திறந்து வச்சுக்கோங்க. சிபியு 100-க்கு ஏறினா உங்க லிஸனர் எர்ரர் கால்பேக் இன்னும் எழுதல இல்ல சரியா எழுதலன்னு அர்த்தம். அதை எழுதி, பழைய கனெக்ஷன் பத்தை மூடினதும் புதுசு தானா உள்ள வருதான்னு பார்த்துட்டு அப்புறம் ப்ரொடக்ஷன்ல லிமிட்டை ஏத்துங்க.